இறால் நாட்டுக் கூன்வண்டு

வீட்டுல பாமாயில் பாக்கெட் இருக்கா? 2007ல இருந்து நம்ம ரேஷன் கடைகள்ல கொடுக்கறாங்களே, அதேதான். அப்பளம் பொரிக்கறதுக்கு முன்னாடி அந்த பாக்கெட்டை ஒரு நிமிஷம் கையில வச்சுப் பாருங்க. உள்ள இருக்கற எண்ணெய் உங்க கைக்கு வந்து சேர்றதுக்கு ஒரு வண்டு பாடுபட்டிருக்கு. மூணு, நாலு மில்லிமீட்டர் நீளம். எள்ளை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

பேரு எலைடோபியஸ் காமெருனிகஸ்.

வாய்க்குள்ள நுழையலையா? எனக்கும் நுழையலை. மூணு நாள் சொல்லிப் பார்த்துதான் பழகிச்சு. ஆனா இந்தப் பேரைப் பிரிச்சு மேய ஆரம்பிச்சா, உள்ளுக்குள்ள ஒரு மரம், ஒரு ஆறு, இப்ப இல்லாத ஒரு காலனி, கொஞ்சம் இறால் எல்லாம் வரிசையா வருது. பேர்ல இல்லாத சில ஆளுங்களும் இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவே. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

முதல்ல கொசுவத்தி சுத்திக்கறேன்.

1994ல எங்க வீட்டுக் கல்யாணம் ஒண்ணுக்கு மலேசியாவுல இருந்து பெரியம்மா வந்திருந்தாங்க. ஜொகூர் மாநிலத்துல குளுவாங் பக்கத்துல ஒரு தோட்டத்துல வேலை பார்த்தவங்க. ராத்திரி மொட்டை மாடியில பாய் விரிச்சுப் படுத்துக்கிட்டு தோட்டத்துக் கதையா சொல்லுவாங்க. பால்மரம் வெட்டினது, அதை அழிச்சிட்டு செம்பனை நட்டது, பாம்பு வந்தது, எல்லாம் வரும். ஒருநாள், "நான் கொஞ்ச வருசம் பூவுக்கு மாவு ஊதுற வேலை பார்த்தேண்டா" அப்படின்னாங்க.

"பூவுக்கு எதுக்குப் பெரியம்மா மாவு?"

"ஊதினாத்தாண்டா காய்க்கும். அப்புறம் ஆப்பிரிக்காவுல இருந்து ஒரு வண்டைக் கொண்டாந்து விட்டாங்க. வண்டு வந்துச்சு, எங்க வேலை போச்சு."

பெரியம்மா நல்லா ரீல் விடறாங்கன்னு நினைச்சுக்கிட்டுத் தூங்கிட்டேன். சின்னப் பையன்தானே. இப்ப பல வருஷம் கழிச்சு, எண்ணெய்ப்பனை பத்தி வேற ஏதோ தேடப் போக, ஒவ்வொண்ணா எதிர்ல வந்து நிக்குது. அவங்க சொன்னதுல ஒரு வார்த்தை கூட ரீல் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கூன்வண்டுன்னா தென்னை வச்சிருக்கற நம்மாளுங்களுக்கு வயித்தைக் கலக்கும். சிவப்புக் கூன்வண்டு தண்டுக்குள்ள புகுந்து, வெளியில தெரியாமலே மரத்தைக் காலி பண்ணிடும். நம்ம எலைடோபியஸும் கூன்வண்டு வகையறாதான். அதே மாதிரி நீட்டு மூக்கு. அதுவும் பனைக் குடும்பத்து மரத்துலதான் குடியிருக்கு. ஆனா குணம் நேர் எதிர். சித்தப்பா பையன் ரவுடின்னா பெரியப்பா பையனும் ரவுடியாத்தான் இருக்கணுமா என்ன?

இப்ப பேருக்கு வரேன். விஞ்ஞானப் பேர்ல ரெண்டு துண்டு இருக்கும். முதல் துண்டு பேரினம், வீட்டுப் பேர் மாதிரி. ரெண்டாவது அந்த இனத்தோட சொந்தப் பேர்.

எண்ணெய்ப்பனைக்கு விஞ்ஞானப் பேர் எலாயிஸ் கினியென்சிஸ். வச்சவர் யாக்கின்னு ஒரு தாவரவியலாளர், 1763ல. எலாயிஸ்ங்கறது ஆலிவ் எண்ணெய்க்கான கிரேக்கச் சொல்லுல இருந்து வந்தது. கினியென்சிஸ்னா ஆப்பிரிக்காவோட கினிக் கடற்கரையைச் சேர்ந்தது. வேடிக்கை என்னன்னா, யாக்கின் இந்த மரத்தைப் பார்த்தது ஆப்பிரிக்காவுல இல்லை, கரீபியன் கடல்ல இருக்கற மார்த்தினிக் தீவுல. மரம் எப்படி அங்க போச்சு? அடிமைக் கப்பல்கள் போன வழியிலதான் அதுவும் போச்சு. பேர் வைக்கும்போதே அது ஊர் மாறின மரம்.

அந்த எலாயிஸோட, வாழ்க்கைங்கற அர்த்தம் தர்ற பயோஸ்ங்கற கிரேக்கச் சொல்லைச் சேர்த்தா எலைடோபியஸ். அதாவது "எண்ணெய்ப்பனையில் வாழ்பவன்". 1952ல குஷெல்ங்கற கூன்வண்டு நிபுணர் இந்தப் பேரினத்தை உண்டாக்கினார். இந்த வருஷத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அடுத்தது காமெருனிகஸ். இதை வச்சவர் ஜெர்மன் பூச்சியியலாளர் ஃபவுஸ்ட், 19ஆம் நூற்றாண்டு முடியற சமயத்துல. (கதே எழுதின ஃபவுஸ்ட் இல்லீங்க. ஆத்மாவை எல்லாம் விக்கலை, வண்டு மட்டும்தான் பார்த்தார்.) காமெருன்னா அப்ப ஜெர்மனி பிடிச்சு வச்சிருந்த காலனி. 1884ல பிடிச்சாங்க. முதல் உலகப் போர்ல, 1916ல பறிபோச்சு. அப்புறம் பிரிட்டனும் பிரான்ஸும் பங்கு போட்டுக்கிட்டாங்க. இன்னிக்கு அது கேமரூன். காலனி போய் நூறு வருஷத்துக்கு மேல ஆனாலும் வண்டு மேல ஒட்டின ஜெர்மன் எழுத்துக்கூட்டல் அப்படியே இருக்கு. விஞ்ஞானப் பேருக்கு அதுதான் சட்டம், நாடு பேர் மாறிச்சுன்னு வண்டு பேரை மாத்த முடியாது. சென்னை ஆனப்புறமும் மெட்ராஸ் ஐன்னுதானே சொல்றோம்!

அந்தக் காமெருன் எங்கிருந்து வந்துச்சு? 15ஆம் நூற்றாண்டுல அந்தக் கரைக்கு வந்த போர்த்துகீசியர்கள் வூரி ஆத்துல இறால் கூட்டம் கூட்டமா இருக்கறதைப் பார்த்துட்டு "இறால் ஆறு"ன்னு பேர் வச்சாங்க. போர்த்துகீசிய மொழியில இறாலுக்கு கமாரோயிஷ். அது ஆத்துல இருந்து கரைக்கு ஏறி, ஜெர்மன்காரங்க வாயில காமெருன் ஆகி, லத்தீன் சட்டை போட்டு காமெருனிகஸ் ஆயிடுச்சு.

ஆக மொத்தம் நம்ம ஆளோட முழுப்பேர் "இறால் நாட்டு எண்ணெய்ப்பனைவாசி". ஜாதகத்துல எழுதற மாதிரி ஊரு, வீடு எல்லாம் இருக்கு.

(இதே பேரினத்துல பிளேஜியாட்டஸ்னு இன்னொரு வண்டும் இருக்கு. உடனே நம்ம பதிவைக் காப்பி அடிச்சவன்னு அடிக்கக் கிளம்பிடாதீங்க. லத்தீன்ல அது உடம்புல இருக்கற பட்டையைச் சொல்ற வார்த்தை.)

இப்ப மரம் ஆசியாவுக்கு வந்த கதை. 1848ல ஜாவாத் தீவுல பொகோர் தாவரவியல் தோட்டத்துக்கு நாலு எண்ணெய்ப்பனைக் கன்னுங்க வந்து சேர்ந்துச்சு. நாலே நாலுதான். அதுங்களோட வாரிசுங்க சுமத்ராவுக்குப் போச்சு, 1911ல அங்க பெரிய தோட்டமா போட்டாங்க. 1917ல மலாயாவுல, சிலாங்கூர்ல முதல் வணிகத் தோட்டம். அந்தத் தோட்டத்தோட பேர் என்ன தெரியுமா? தென்னமரம் தோட்டம்! செம்பனை போட்ட முதல் இடத்துக்குப் பேர் தென்னமரம். நட்டவர் ஆன்ரி ஃபோகோன்யேங்கற பிரெஞ்சுக்காரர். இவர் பின்னாடி மலாயாத் தோட்ட வாழ்க்கையை வச்சு "மலேசி"ன்னு ஒரு நாவல் எழுதி 1930ல பிரான்ஸோட பெரிய இலக்கியப் பரிசான கான்கூர் பரிசையும் வாங்கிட்டார்.

மரம் வந்துச்சு, நல்லா வளர்ந்துச்சு. ஆனா குலையில பாதிப் பூவுக்கு மேல காயாகாம நின்னு போறது சகஜமா இருந்துச்சு. ஏன்?

எண்ணெய்ப்பனையில ஆண் பூங்கொத்து தனி, பெண் பூங்கொத்து தனி. ரெண்டும் ஒரே மரத்துலதான் வரும், ஆனா மாத்தி மாத்தி வரும். கொஞ்ச காலம் ஆண் பூவா வரும், கொஞ்ச காலம் பெண் பூவா வரும். அதனால இந்த மரத்து மகரந்தம் வேற மரத்துக்குப் போகணும். யார் கொண்டு போறது? காத்துதான்னு புத்தகமெல்லாம் சொல்லிச்சு. காத்து சரியா கொண்டு போகலைன்னா? மனுஷங்க கொண்டு போகணும். அதுதான் பெரியம்மா ஊதின மாவு.

ஆண் பூவுல இருந்து மகரந்தத்தை உதிர்த்து, காயவச்சு, டால்க் பவுடரோட கலந்து ஒரு குழாயில போட்டுக்குவாங்க. பெண் பூங்கொத்து ரெண்டு மூணு நாள்தான் மகரந்தம் வாங்கற பக்குவத்துல இருக்கும். அந்த நாளைத் தவற விட்டா அந்தக் குலை போச்சு. அதனால ஒவ்வொரு மரத்துக்கும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கணும். பூங்கொத்து மட்டைகளுக்கு நடுவுல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும், மட்டை அடியெல்லாம் முள்ளு. கையை உள்ள விட்டு, விலக்கிப் பிடிச்சு, புஸ்ஸுன்னு ஊதணும். அப்புறம் அடுத்த மரம். பெரியம்மா கையில கோடு கோடா தழும்பு இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. பால்மரம் வெட்டினதுல வந்ததுன்னு நானா நினைச்சுக்கிட்டேன்.

இங்கதான் லெஸ்லி டேவிட்சன் வர்றார். யூனிலீவர் தோட்டங்கள்ல வேலை பார்த்தவர். 1950கள்ல கேமரூன்ல இருந்தார், 1960ல சபாவுக்கு மாத்தலாகி வந்தார். கேமரூன்ல மாவு ஊத யாரும் இல்லை, ஆனா குலையெல்லாம் நெருக்கமா காய்ச்சுத் தொங்கும். சபாவுல அதே மரம் காய்க்க மாட்டேங்குது. என்ன வித்தியாசம்? கேமரூன்ல ஆண் பூங்கொத்து மேல சின்னச் சின்ன வண்டுங்க மொய்ச்சுக் கிடக்கும். சபாவுல அதுங்களைக் காணோம். வண்டுதான் காரணமோன்னு மேல கேட்டுப் பார்த்தார். அதெல்லாம் இல்லை, இது காத்து வேலைன்னு பதில் வந்துச்சு. அவரும் விட்டுட்டார், ஆனா மறக்கலை.

1974ல அவரே யூனிலீவர் தோட்டப் பிரிவுல உயர் பதவிக்கு வந்தார். அப்புறம் கேக்கணுமா! 1970களோட கடைசியில, காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்துல இருந்த பாகிஸ்தான் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூனுக்குப் போனார். பெண் பூங்கொத்துகளுக்குப் பூச்சி நுழையாதபடி உறை மாட்டிப் பார்த்தார். பூச்சியைத் தடுத்தா காய்ப்பு விழுந்துச்சு, விட்டா ஏறிச்சு. 1979ல ஆய்வுக் கட்டுரையா எழுதிட்டார். வேலை பார்க்கறது காத்து இல்லை, எலைடோபியஸ். அந்தக் கூட்டத்துலயே மழைக்கும் வெயிலுக்கும் தாக்குப் பிடிக்கறது காமெருனிகஸ்.

இதுல வண்டு மகரந்தம் கொண்டு போற விதம் இருக்கே, அது தனி சினிமா. ஆண் பூ விரியும்போது சோம்பு வாசனை அடிக்கும். நிஜமா, நம்ம அஞ்சறைப் பெட்டி சோம்பு வாசனைதான். அதை மோந்துக்கிட்டு ஆயிரக்கணக்குல வண்டு வரும். அங்கயே சாப்பாடு, அங்கயே குடித்தனம். வாடிப்போன ஆண் பூவுலதான் முட்டை, புழு எல்லாம். ரெண்டு மூணு வாரத்துல அடுத்த தலைமுறை ரெடி. இதுக்கு நடுவுல பெண் பூவும் விட்டு விட்டு அதே சோம்பு வாசனையை விடும். வண்டு ஏமாந்து அங்க போகும். போனா சாப்பிடவும் ஒண்ணும் இல்லை, முட்டை வைக்கவும் இடம் இல்லை. உடம்புல ஒட்டின மகரந்தத்தை உதிர்த்துட்டுத் திரும்பி வரும். பந்தி போடறாங்கன்னு நம்பி மொய் வச்சுட்டு, இலை போடாததால பசியோட வீட்டுக்கு வர்ற கதை.

இந்த வண்டு வேற எந்தப் பயிர்லயாவது கை வைக்குமான்னு சோதிச்சாங்க. வைக்கலை. எலைடோபியஸ் தன் பேருக்கு உண்மையா இருந்துச்சு, எண்ணெய்ப்பனையை விட்டா அதுக்கு வீடு கிடையாது. 1980ல மலேசியாவுக்குக் கொண்டு வந்து தனிமைப்படுத்தி வச்சாங்க. 1981 பிப்ரவரியில வெளியே விட்டாங்க. எங்கன்னு நினைக்கறீங்க? ஜொகூர், குளுவாங்.

இந்த வரியைப் படிச்சப்பதான் எனக்கு மொட்டை மாடி ஞாபகம் வந்துச்சு. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன்.

மரம் ஆசியாவுக்கு வந்தது 1848ல. மரத்தோட துணை வந்தது 1981ல. நடுவுல 133 வருஷம். கன்னைத் தூக்கிட்டு வந்தவங்க அதோட வாழறவனை விட்டுட்டு வந்துட்டாங்க. அவன் பார்க்க வேண்டிய வேலையைக் கடைசியில மனுஷங்க கை பார்த்துச்சு.

வண்டு காட்டுத்தீ மாதிரி பரவிச்சு. தீபகற்ப மலேசியாவுல மகசூல் 20% வாக்குல கூடிச்சு, சபாவுல 50% வாக்குல. மலேசியாவோட பாமாயில் உற்பத்தி 1981ல சுமார் 28 லட்சம் டன், 1982ல 35 லட்சம். 1983ல மரமெல்லாம் அதிகமா காய்ச்ச களைப்புல 30 லட்சத்துக்கு இறங்கிச்சு, 1984ல 37 லட்சத்துக்கு ஏறிடுச்சு. 1985ல நம்ம கேரளாவுக்கும் இதே வண்டைக் கொண்டு வந்து விட்டாங்க.

இந்த வண்டைப் பத்தி எழுதறவங்க எல்லாம் கோடி கோடியா லாபம் கொடுத்த பூச்சின்னு எழுதறாங்க. உண்மைதான். சம்பளம் வாங்காத தொழிலாளி, லீவு கேக்காது, சங்கம் வைக்காது. மாவு ஊதற செலவு மிச்சம்னு கணக்குல ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குள்ள எத்தனை பேர் இருந்தாங்கன்னு நான் பார்த்த எதுலயும் இல்லை. "வேலை போச்சு"ன்னு பெரியம்மா சொன்னதுக்கு, வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு அர்த்தம் இல்லை. முதல்ல உதிரிப்பழம் பொறுக்கப் போட்டாங்களாம், அப்புறம் களைக்கொல்லி அடிக்கப் போட்டாங்களாம். "மாவு ஊதினதே பரவாயில்லைடா, மருந்து வாடை சோத்துல கூட வந்துச்சு" அப்படின்னாங்க.

அதுக்காக வண்டைக் குத்தம் சொல்ல முடியுமா? முள்ளுக்குள்ள கையை விடற வேலை போனது நல்லதுதான். காட்டை அழிச்சு அழிச்சு செம்பனை நட்டாங்களே, அதுக்கும் வண்டு பொறுப்பில்லை. ஆனா எண்ணெய் மலிவா வந்ததுல அதுக்கும் ஒரு பங்கு இருக்கு.

எனக்கு உறுத்தறது வேற. 1952லேயே அந்த வண்டுக்கு "எண்ணெய்ப்பனையில் வாழ்பவன்"னு பேர் வச்சாச்சு. மரத்துல வாழறதாலேயே மகரந்தம் தூக்குதுன்னு ஆயிடாது, ஒத்துக்கறேன். ஆனா அங்க என்னதான் பண்றேன்னு அதைக் கேக்க இன்னும் 25 வருஷம் ஆயிருக்கு. பேர் வச்சவங்க அருங்காட்சியகத்துல இருந்தாங்க, காய்க்கலைன்னு தவிச்சவங்க தோட்டத்துல இருந்தாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல காத்துதான் அடிச்சுது.

கதை இன்னும் முடியலை. சமீப வருஷங்கள்ல சபா, சரவாக் பக்கமெல்லாம் மறுபடியும் காய்ப்பு குறையுதுன்னு கவலைப்படறாங்க. இந்தோனேசியாவுல வண்டுங்களைப் பெட்டியில வளர்த்து, உடம்பு மேல மகரந்தத்தைத் தூவி, தோட்டத்துக்குள்ள பறக்க விடறாங்க. சில இடங்கள்ல மனுஷங்களே மறுபடியும் ஊதறாங்க. ஆக அந்த மாவுக்குழாய் இன்னும் பரணுக்குப் போகலை.

ஒரு வண்டோட பேர்ல ஆலிவ் எண்ணெய்க்கு இடம் இருக்கு, போர்த்துகீசிய இறாலுக்கு இடம் இருக்கு, தோத்துப்போன ஜெர்மன் காலனிக்கு இடம் இருக்கு. அந்த வண்டு வேலையை அது வர்றதுக்கு முன்னாடி பார்த்த பொம்பளைங்களுக்கு இடம் இல்லை. விஞ்ஞானப் பேரை மாத்தச் சொல்லி நான் கேக்கலை, சட்டம் விடாதுன்னு நானே மேல சொல்லிட்டேன். ஆனா நம்ம கையில இருக்கறதை நாம எழுதி வைக்கலாம் இல்லையா?

பெரியம்மா 2003ல தவறிட்டாங்க. ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஊதினாங்க, எவ்வளவு கூலி, குழாயை அவங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, எதையும் நான் கேட்டு வச்சுக்கலை. தூங்கிட்டேன்.

மலேசிய நண்பர்களே, உங்க வீட்டுப் பாட்டி, அத்தை, பெரியம்மா யாராவது இந்த வேலை பார்த்திருந்தா, தயவுசெஞ்சு இன்னிக்கே கேட்டு எழுதுங்க. ரீல்னு நினைச்சுத் தூங்கிடாதீங்க.